16 பவுண்டா, 18 பவுண்டா? ஸ்பிரிங் மாற்றியதிலிருந்து 1911 மக்கர் பண்ணுகிறது

டல்லாஸ்_புதுசு

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் ஒரு பழைய 1911 ரகக் கைத்துப்பாக்கி வாங்கினேன். ஐந்து அங்குல பேரல், .45 ஏசிபி. முந்தைய உரிமையாளர் எத்தனை ரவுண்டு சுட்டார் என்று தெரியாது. உள்ளே இருக்கும் ரீகாயில் ஸ்பிரிங், அதாவது மேலே முன்பின் ஓடும் ஸ்லைடைத் திருப்பி முன்னால் தள்ளும் ஸ்பிரிங், எத்தனை பவுண்டு என்றும் தெரியாது. கடையில் கேட்டேன். "18.5 பவுண்டு போடு, ஃபிரேம் அடிபடாது" என்றார்கள். வாங்கி மாட்டினேன்.

மாட்டும்போதே ஒரு கூத்து. ஸ்பிரிங் முனையில் இருக்கும் அந்த மூடி, பிளக், விரலிலிருந்து நழுவி மேலே பறந்து சாமி அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது. முருகன் படம் தப்பித்தது. என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சுடுவது காலிக் கூட்டை மறுபடி நிரப்பி நானே ரீலோட் செய்த தோட்டா. 200 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு, செமி வாட்கட்டர் (மூக்கு தட்டையான ரகம்). கிளப் குரோனோகிராஃபில் விநாடிக்கு 750 அடி காட்டியது. சனிக்கிழமை 50 ரவுண்டு சுட்டேன். நான்கு தடவை காலிக் கூடு வெளியே போகாமல் புகைபோக்கி மாதிரி ஸ்லைடில் நட்டுக்கொண்டு நின்றது. மூன்று தடவை அடுத்த தோட்டா மூக்கைக் குத்திக்கொண்டு ரேம்பில், அதாவது பேரலுக்குள் ஏறும் சரிவில், முட்டி நின்றது. கடைசி ரவுண்டுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்க வேண்டியது பாதி நேரம் மூடிக்கொள்கிறது. ஃபேக்டரி 230 கிரெய்ன் போட்டால் இவ்வளவு மோசமில்லை.

காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி, எக்ஸ்ட்ராக்டர், போய்விட்டதா? புதிதாக வாங்கலாமா?

லேத்துக்காரன்

தம்பி, எதையும் வாங்காதீங்க. எக்ஸ்ட்ராக்டரைத் தொடவும் வேண்டாம்.

ஐந்து அங்குல .45-க்கு வழக்கமான ரீகாயில் ஸ்பிரிங் 16 பவுண்டு, அதாவது ஏழே கால் கிலோ. 230 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 830 அடி வேகத்தில் போகும் தோட்டாவுக்காகப் போட்ட கணக்கு அது. உங்கள் தோட்டா அதைவிட ரொம்ப சாது. போட்டிக்காரர்கள் பவர் ஃபேக்டர் என்று ஒரு கணக்குப் போடுவார்கள். குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. ஃபேக்டரி தோட்டாவுக்கு 191 வருகிறது, உங்களுடையதற்கு 150. ஸ்லைடைப் பின்னால் தள்ளும் உந்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நீங்களோ அதை எதிர்த்து நிற்கும் ஸ்பிரிங்கைக் கூட்டியிருக்கீங்க. அரை மூட்டை தூக்குகிறவன் தலையில் முழு மூட்டையை ஏற்றிவிட்டு, ஏன் நடக்க மாட்டேன் என்கிறான் என்று கேட்டால் எப்படி?

ஸ்பிரிங் இரண்டு வேலை செய்கிறது. ஸ்லைடு பின்னால் போகும்போது வேகத்தைக் குறைக்கிறது. அதில் அது தனியாள் இல்லை. ஹேமரைத் தூக்கி நிறுத்தும் மெயின்ஸ்பிரிங், அதுவும் 23 பவுண்டு, கூடவே இழுத்துப் பிடிக்கிறது. திரும்பி வரும்போது மட்டும் எல்லாச் சுமையும் ரீகாயில் ஸ்பிரிங் தலையில்தான். மேகசினிலிருந்து தோட்டாவை உரித்து, ரேம்பில் ஏற்றி, எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் நுழைத்து, பேரலைப் பூட்டும் வரைக்கும் வேறு துணை கிடையாது. லேசாக இருந்தால் கடைசி மில்லிமீட்டரில் நின்றுவிடும். பலமாக இருந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமலே திரும்பிவிடும். அப்போது கூடு, அதை வெளியே தட்டிவிடும் எஜெக்டரில் வேகமாக மோதாது. சோம்பலாக எழும், அதற்குள் ஸ்லைடு வந்து கவ்விவிடும். உங்கள் புகைபோக்கி அதுதான்.

ஒரு கேள்வி. ஸ்பிரிங் கைடில் (ஸ்பிரிங்குக்குள் நிற்கும் தண்டு) நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதா? கழற்றிப் பார்த்துச் சொல்லுங்க. கண்ணாடி போட்டுக்கொண்டு கழற்றுங்க. இந்தத் தடவையும் முருகன் தப்பினாலும் கண் தப்பாது.

ஹூஸ்டன்_ராஜா

லேத்து அண்ணன் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. என் கமாண்டரில் (கொஞ்சம் குட்டையான 1911) 20 பவுண்டு போட்டிருக்கிறேன். பல வருடமாக ஒரு தகராறும் இல்லை. பலமான ஸ்பிரிங் ஃபிரேமைக் காப்பாற்றும் என்பது எல்லோரும் சொல்வதுதானே?

லேத்துக்காரன்

ராஜா, உங்கள் கமாண்டருக்கு 4.25 அங்குல பேரல். ஸ்லைடு குட்டை, எடையும் குறைவு. வழக்கமே 18 பவுண்டு. அதோடு நீங்கள் சுடுவது முழு பவர் தோட்டா. அதனால் உங்கள் 20 ஓடுகிறது. மூன்றரை அங்குலத் துப்பாக்கிக்கு 22-க்கு மேலேயே போவார்கள். உங்கள் எண்ணை அவர் துப்பாக்கியில் ஒட்ட முடியாது.

ஃபிரேமைக் காப்பாற்றும் கதை எனக்கும் தெரியும். பின்னால் போகும்போது அடி குறையும் என்பது உண்மை. அந்த அடி எங்கே போகும் என்று நினைக்கிறீங்க? ஸ்பிரிங் பிடித்து வைத்த பலத்தை எல்லாம் திரும்பி வரும்போது முன்னால் கொட்டுகிறது. பேரலின் கீழ்க் காது, ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பின் ஊசியில் போய் மோதும். சுடும்போது துப்பாக்கி மூக்கு கீழே குத்துவதைக் கவனித்திருப்பீங்க, அது இதனால்தான். 5 அங்குலத் துப்பாக்கியில் 22 பவுண்டு போட்டு வைத்திருந்த ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். ஃபிரேமில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கீழ்க் காது இரண்டிலும் பித்தளையைச் சுத்தியலால் தட்டின மாதிரி விளிம்பு மடங்கியிருந்தது.

இன்னொன்று. 1983-இல் வந்த சீரிஸ் 80-க்கு முந்தைய அமைப்பில், தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்திச் சுட வைக்கும் ஃபயரிங் பின்னைத் தடுக்க அதன் சொந்த ஸ்பிரிங்கை விட்டால் வேறு எதுவும் இல்லை. ஸ்லைடு படார் என்று முன்னால் அறைந்தால் பின் தன் வேகத்திலேயே முன்னால் நகரப் பார்க்கும். வுல்ஃப் கம்பெனி 1911 ரீகாயில் ஸ்பிரிங் பொட்டலத்தில் ஒரு ஃபயரிங் பின் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் போடுவது சும்மா இல்லை. நிறையப் பேர் அந்தக் குட்டி ஸ்பிரிங்கைப் பார்த்து "இது எதற்கு" என்று டப்பாவில் போட்டுவிடுகிறார்கள்.

மிச்சிகன்_மீனா

நான் புல்ஸ்ஐ என்ற குறி சுடும் போட்டியில் சுடுபவள். ஒற்றைக் கையில் 50 கஜம், 25 கஜம். அங்கே எல்லோரும் புதுசு தம்பி போடுவது போன்ற லேசான தோட்டாதான் சுடுவோம். என் .45-இல் 13 பவுண்டு. பக்கத்து லேனில் 12 வைத்திருப்பவரும் உண்டு, 14 வைத்திருப்பவரும் உண்டு. உங்கள் 750 அடிக்கு நான் 14-இல் தொடங்குவேன்.

எண்ணைவிட நான் நம்புவது தரையில் கிடக்கும் கூடுகளை. நின்ற இடத்திலிருந்து வலப்புறம், கொஞ்சம் பின்னால், நாலடியிலிருந்து ஆறடிக்குள் ஒரு குவியலாக விழுந்தால் ஸ்பிரிங் சரி. பதினைந்தடிக்கு அப்பால் போய் அடுத்தவர் காலரில் விழுந்தால் லேசு. உங்கள் செருப்பு மேலேயே சொட்டினால் பலம். சிதறி எல்லாத் திசையிலும் போனால் அது எக்ஸ்ட்ராக்டர் அல்லது எஜெக்டர் கதை, ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீங்க.

தம்பி செய்ய வேண்டிய சோதனை ஒன்று. மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு போடுங்க. சுடுங்க. ஸ்லைடு திறந்து நிற்கிறதா? இதைப் பத்துத் தடவை செய்யுங்க, ஒவ்வொரு மேகசினிலும். நிற்காவிட்டால் ஸ்லைடு முழுத் தூரம் போகவில்லை. ஆனால் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப் மேல் படுகிறதா என்று முதலில் பாருங்க. நான் ஒரு சீசன் முழுக்க ஸ்பிரிங் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் என் கட்டைவிரல்தான் குற்றவாளி என்று கண்டுபிடித்தவள்.

அதே பத்து ரவுண்டை நன்றாகச் சுடத் தெரிந்த வேறொருவர் கையிலும் கொடுத்துப் பாருங்க. மணிக்கட்டு தளர்ந்தால் ஃபிரேமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும். ஸ்பிரிங் பலம் கூடினமாதிரியே ஆகிவிடும்.

மேகசின்களுக்கு எண் போடுங்க. நான் நெயில் பாலிஷில் போடுவேன், எண்ணெய் பட்டாலும் போகாது.

டல்லாஸ்_புதுசு

லேத்து அண்ணா, நீங்கள் ஜோசியரா? நீல வளையம் இருந்தது! பாதி கிழிந்து, ஒரு துண்டு கைடு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது துப்பாக்கியோடு வந்த பாகம் என்றே நினைத்து நானும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன்.

லேத்துக்காரன்

அது ஸ்லைடு பின்னால் வந்து மோதும் அடியைத் தாங்க வைக்கும் மெத்தை. பாவம், பழைய உரிமையாளர் நல்ல எண்ணத்தில் போட்டிருப்பார். ஆனால் அது இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன். அந்த அளவுக்கு ஸ்லைடின் ஓட்டம் குறைகிறது. ஸ்லைடு ஸ்டாப் வந்து மாட்டுவதற்கு இருக்கும் இடமே கொஞ்சம்தான். கிழிந்த துண்டு சந்தில் புகுந்தால் இன்னும் கேடு. எடுத்துக் குப்பையில் போடுங்க.

இப்போது இன்னொரு சோதனை, சுடாமலே செய்யலாம். மேகசினை வெளியே எடுத்து, சேம்பரை, அதாவது பேரலில் தோட்டா உட்காரும் இடத்தை, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்க. தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். ஸ்பிரிங் இல்லாமல், கைடை மட்டும் வைத்து, ஸ்லைடைப் பேரலோடு ஃபிரேமில் மாட்டி, கடைசி வரை பின்னால் தள்ளுங்க. ஸ்லைடின் பின் விளிம்பு ஃபிரேமில் எந்த இடத்துக்கு வருகிறது என்று பென்சிலால் ஒரு கோடு. அப்புறம் ஸ்பிரிங்கை மாட்டி அதே மாதிரி இழுங்க. அதே கோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிட்டன. சுருள் அதிகம், அல்லது வேறு அளவுத் துப்பாக்கியின் ஸ்பிரிங். 5 அங்குல ஸ்பிரிங்கைக் கமாண்டரில் போட்டால் இது நடக்கும்.

பொட்டலத்தில் போட்டிருக்கும் பவுண்டு, ஸ்லைடு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருங்கி நிற்கும் நீளத்தில் அளந்தது. வெளியே எடுத்து மேசையில் வைத்து நீளம் பார்த்து "இது 16, இது 18" என்று சொல்ல முடியாது. கம்பித் தடிமன், சுருள் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்துதான் பலம். நீளம் ஒன்றுக்குத்தான் உதவும்: அதே கம்பெனியின் அதே எண் புது ஸ்பிரிங் பக்கத்தில் பழையதை வைத்துப் பார்க்கலாம். புது ஸ்பிரிங் முதல் சில நூறு ரவுண்டில் கொஞ்சம் குட்டையாகும், அது இயல்பு. அதற்கு மேலும் இரண்டு மூன்று சுருள் அளவு குறைந்துவிட்டால் விடைகொடுங்க. நான் ரெண்டாயிரம், மூவாயிரம் ரவுண்டுக்கு ஒரு முறை மாற்றுவேன். ஒரு பீட்சா விலைகூட இல்லை.

கோவை_22

குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நான் இங்கே கிளப்பில் .22 சுடுபவன், .45 எல்லாம் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனால் கதை ஒன்றாகவே இருக்கிறது. ஒரு நண்பருடைய .22 பிஸ்டல் ஹை வெலாசிட்டி தோட்டாவில் கடிகாரம் மாதிரி ஓடும். விநாடிக்கு 1,235 அடி. போட்டிக்கு என்று ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, 1,070 அடி, போட்டால் பத்துக்கு ஒன்று புகைபோக்கி. எங்கள் டார்கெட் பிஸ்டல்களோ நேர் எதிர். ஸ்டாண்டர்டு தோட்டாவுக்கு என்றே ஸ்பிரிங் போட்டு வருகிறது. ஹை வெலாசிட்டி போட்டால் பயிற்சியாளர் காதைத் திருகுவார்.

ஒஹாயோ_வாசி

எனக்கு 1911 எல்லாம் வேண்டாம். கிளாக் 19 பிஸ்டல் ஒன்று, எண்ணெய் இரண்டு சொட்டு, வேலை முடிந்தது. எத்தனை ஸ்பிரிங், எத்தனை பவுண்டு, அப்பப்பா!

மிச்சிகன்_மீனா

ஒஹாயோ சார், உங்கள் கிளாக் எந்தத் தலைமுறை? நான்காம் தலைமுறையில் ஒற்றை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இரட்டை ஸ்பிரிங் அமைப்பு கொண்டுவந்தார்கள். 2011-இல் அந்த ஸ்பிரிங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு மாற்றிக் கொடுக்கும் திட்டத்தைக் கம்பெனியே அறிவித்தது. ஸ்பிரிங் தலைவலி எல்லா வீட்டிலும் உண்டு. உங்களுக்கு அதை வேறு யாரோ பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான் :)

சுட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்றால் உங்களுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. காலித் துப்பாக்கி, இரண்டு தடவை பார்த்த பிறகு. முனையைப் பத்திரமான திசையில் மேல் நோக்கிப் பிடித்து, டிரிக்கரை அழுத்தி, விடாமல் வைத்திருங்க. ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, கையோடு மெதுவாக முன்னால் விட்டுக்கொண்டே வாங்க. தன்னால் முழுதாக மூடிக்கொள்ள வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் ஸ்பிரிங் களைத்துவிட்டது.

ஒஹாயோ_வாசி

செய்து பார்த்தேன். மூடிக்கொண்டது. அக்காவிடம் வாய் கொடுத்தது என் தப்பு.

டல்லாஸ்_புதுசு

ரேஞ்சிலிருந்து வந்துவிட்டேன். நீல வளையம் குப்பைத் தொட்டியில். வுல்ஃப் 14 பவுண்டு மாட்டினேன். கூடவே வந்த ஃபயரிங் பின் ஸ்பிரிங்கையும் மாற்றினேன். மூன்று மேகசின்களிலும் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷ், 1, 2, 3. (இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள்.)

ஒரு ரவுண்டு சோதனை: 1, 2 இரண்டிலும் பத்துக்குப் பத்து திறந்து நின்றது. 3-இல் பத்துக்கு ஏழு. கட்டைவிரலைத் தள்ளியே வைத்திருந்தேன். கிளப்பில் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன், அவர் கையிலும் அதே மாதிரி.

கூடுகள் வலப்புறம் ஐந்தடியில் ஒரு சின்ன மேடு. பார்க்கவே அழகாக இருந்தது, படம் எடுத்துக்கொண்டேன். 100 ரவுண்டில் ஒரு புகைபோக்கிகூட இல்லை.

ஆனால் மூக்கு முட்டுவது இரண்டு தடவை வந்தது. ரேம்பைப் பாலிஷ் போட்டால் சரியாகுமா? வீடியோவில் ஒருவர் டிரெமெல் (கையில் பிடித்து இழைக்கும் சுழல் கருவி) வைத்துச் செய்து காட்டுகிறார்.

லேத்துக்காரன்

டிரெமெலைக் கீழே வைங்க. அலமாரியில் பூட்டி, சாவியை உங்கள் வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்க. ரேம்பின் கோணம் மாறினால் ஃபிரேம் போச்சு. இழைத்த இரும்பை எந்த ஸ்பிரிங்காலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அந்த இரண்டு தடவையும் எந்த மேகசின்? எத்தனையாவது ரவுண்டு? சாய்வு எப்படி, மூக்கு கீழேயா, மேலேயா?

தோட்டாவையும் சந்தேகப்படலாம். பேரலைத் தனியே கழற்றிக் கையில் பிடித்து, நீங்கள் செய்த தோட்டாவைச் சேம்பரில் போட்டுப் பாருங்க. "டிங்" என்று விழுந்து, கவிழ்த்தால் தன்னால் வெளியே வர வேண்டும். தடவித் தள்ளினால்தான் போகிறது என்றால் கூட்டின் வாய் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, அதாவது குண்டைச் சுற்றி இறுகவில்லை. வாயின் விட்டம் 0.470 அங்குலத்தைச் சுற்றி இருக்க வேண்டும். உயிர்த் தோட்டாவைத் துப்பாக்கியில் வைத்து வீட்டில் எந்தச் சோதனையும் வேண்டாம், பேரல் மட்டும் கையில்.

டல்லாஸ்_புதுசு

இருபது தோட்டா போட்டுப் பார்த்தேன், இருபதும் டிங். குறிப்பைப் பார்த்தால் இரண்டு தடவையும் மேகசின் 3, மூக்கு கீழே. ஒன்று கடைசிக்கு முந்தியது, ஒன்று கடைசி.

மிச்சிகன்_மீனா

வந்துவிட்டது பாருங்க! மேகசின் ஸ்பிரிங் மிகவும் நீண்டு, பலம் மிகவும் குறைந்து நிற்பது கடைசி ரவுண்டில்தான். ஸ்லைடு ஸ்டாப்பை மேலே தள்ள வேண்டியதும் அதே ஸ்பிரிங்தான். உங்கள் மேகசின் 3 இரண்டு வேலையிலும் தடுமாறுகிறது.

அதில் தோட்டாக்களைக் கீழிருந்து தாங்கும் தட்டு, ஃபாலோயர், எப்படி இருக்கிறது? பழைய பாணி ஃபாலோயரின் மேல் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். கடைசித் தோட்டா அதிர்ச்சியில் முன்னால் வழுக்காமல் பிடிக்கத்தான் அது. தட்டையாக இருந்தால் சில துப்பாக்கிகளில் கடைசித் தோட்டா ஓடிவிடும்.

டல்லாஸ்_புதுசு

குமிழ் இருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி மேகசின்தான், ஒன்றாக வாங்கியவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விரலால் ஃபாலோயரை அழுத்தினால் 1, 2 இரண்டும் முன்பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கின்றன. 3 முன்பக்கம் தொங்குகிறது. வளைந்துவிட்டதா?

லேத்துக்காரன்

தம்பி, கோபித்துக்கொள்ளாதீங்க. அந்த மேகசினைச் சமீபத்தில் கழற்றித் துடைத்தீங்களா?

டல்லாஸ்_புதுசு

துடைத்தேன். ஸ்பிரிங் மாற்றிய அதே வெள்ளிக்கிழமை இரவு. ஒன்றுதான் துடைத்தேன், அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

லேத்துக்காரன்

ஸ்பிரிங்கை வெளியே எடுங்க. மேல் சுருள் ஒரு பக்கம் சாய்ந்து ஏறியிருக்கும். அந்த ஏறிய பக்கம் முன்னால், அதாவது குண்டின் மூக்கு இருக்கும் பக்கம் வர வேண்டும். மேகசின் 1-ஐயும் கழற்றிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்க.

டல்லாஸ்_புதுசு

...

திருப்பி மாட்டியிருக்கிறேன். முன்பின்னாக.

18.5 ஸ்பிரிங், நீல வளையம், முன்பின்னாக மாட்டிய மேகசின் ஸ்பிரிங். மூன்றும் ஒரே சனிக்கிழமையில். நான் எக்ஸ்ட்ராக்டர் வாங்கப் போனேன்!

ஹூஸ்டன்_ராஜா

ஹா ஹா. கவலைப்படாதே தம்பி, நானும் இதைச் செய்திருக்கிறேன். நான் இரண்டு மேகசினில்.

மிச்சிகன்_மீனா

ஒரு வார்த்தை. 14 பவுண்டு மாட்டியிருக்கும்போது ஃபேக்டரி 230 கிரெய்னைப் பெட்டி பெட்டியாகச் சுடாதீங்க. ஒரு மேகசின் சுட்டால் ஒன்றும் ஆகாது. வாரா வாரம் சுடப்போகிறீர்கள் என்றால் 16 ஒன்று வாங்கி வைத்து மாற்றிக்கொள்ளுங்க. மாற்ற ஐந்து நிமிடம். பிளக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க மறக்காதீங்க.

டல்லாஸ்_புதுசு

16 வாங்கியாச்சு அக்கா. நேற்று மேகசின் 3-ஐ மட்டும் வைத்து 70 ரவுண்டு சுட்டேன். எல்லாம் உள்ளே போனது, எல்லாம் வெளியே வந்தது, பத்துத் தடவையும் கடைசியில் திறந்து நின்றது. எல்லோருக்கும் நன்றி.

அந்த 18.5-ஐ என்ன செய்வது? கடையில் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

லேத்துக்காரன்

ஒரு சீட்டில் எண் எழுதி அதோடு கட்டித் தனி டப்பாவில் போடுங்க. இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து 16 என்று நினைத்து அதையே எடுத்து மாட்டிவிட்டு, இங்கே வந்து எக்ஸ்ட்ராக்டர் போய்விட்டதா என்று கேட்பீங்க.

டல்லாஸ்_புதுசு

கட்டியாச்சு அண்ணா. டப்பா சாமி அலமாரிக்குப் பக்கத்தில்.